‘தற்காலிகம்’ என்ற சொல்லும் ஷத்தீலா முகாமும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடந்த ஞாயிறு இணைப்பில் பாலஸ்தீன அகதிகளைப் பற்றித் தாங்கள் வெளியிட்ட கட்டுரையை ஒட்டி இதை எழுதுகிறேன். கட்டுரையில் இருந்த பரிவில் எனக்குக் குறை ஏதும் இல்லை. ஆனால், லெபனான் தலைநகர் பெய்ரூட்டின் தெற்குப் பகுதியில் உள்ள ஷத்தீலா முகாமைப் பற்றிய பத்தியில் ‘தற்காலிகக் கூடாரங்களில் வசிக்கும் மக்கள்’ என்று ஒரு வரி வந்திருந்தது. அதை ஒட்டி, வெட்டவெளியில் வெள்ளைக் கூடாரங்கள் வரிசையாக நிற்கும் படம் ஒன்றும் அச்சாகியிருந்தது. ஷத்தீலாவில் கூடாரங்கள் மறைந்து அறுபது ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது. இன்று அங்கே இருப்பவை ஐந்தும் ஆறும் ஏழுமாக மாடிகள் அடுக்கிய கான்கிரீட் கட்டடங்கள். படம் தவறு என்பதை ஒரு திருத்தக் குறிப்பில் சரிசெய்துவிடலாம். ‘தற்காலிகம்’ என்ற சொல்லை அப்படி ஒரு குறிப்பில் கடந்துவிட முடியாது என்பதால்தான் கடிதம் நீள்கிறது, பொறுத்தருள வேண்டும்.

நம் மொழியில் முகாம் என்றால் கண் சிகிச்சை முகாம், ரத்ததான முகாம், மனு வாங்க அதிகாரி வந்து போடும் முகாம் என்று, மாலையில் பந்தலைப் பிரித்துக்கொண்டு போய்விடும் ஒன்றுதான் மனதில் வருகிறது. இத்தனைக்கும் முகாம் என்பதே அரபியிலிருந்து நமக்கு வந்த சொல். அரபியர்களோ அகதி முகாமை ‘முஹய்யம்’ என்கிறார்கள். கூடாரத்தைக் குறிக்கும் ‘ஹைமா’ என்ற சொல்லோடு பிறந்தது அது. ஆக, கூடாரம் போன பிறகும் அதன் பெயர் அங்கே தங்கிவிட்டது.

நான் கட்டட வரைவாளன். ஷார்ஜாவில் ஒரு கட்டுமான நிறுவனத்தில் 19 ஆண்டுகள் வேலை பார்த்தேன். அதில் பாதிக் காலம் எனக்கு அடுத்த மேசையில் இருந்தவர் ஷத்தீலாவில் பிறந்து வளர்ந்த பொறியாளர். முகாமிலிருந்து நடந்து போகும் தூரத்தில் உள்ள பெய்ரூட் அரபுப் பல்கலைக்கழகத்தில் சிவில் பொறியியல் படித்தவர். படித்த ஊரில் அவர் பொறியாளராகக் கையெழுத்திட முடியாது. அதற்கான காரணத்துக்குப் பின்னால் வருகிறேன். ஒரு நாள், வேண்டாத வரைபடத்தாளின் பின்பக்கத்தில் தன் முகாமை எனக்கு வரைந்து காட்டினார். தெரு என்று அவர் போட்ட கோடுகளைப் பார்த்து, அளவு விகிதம் தப்பிவிட்டதோ என்று கேட்டேன். அவர் எழுந்து நின்று இரண்டு முழங்கைகளையும் பக்கவாட்டில் விரித்து, ‘இந்தப் பக்கமும் சுவர், அந்தப் பக்கமும் சுவர்’ என்றார்.

1948-ல் இஸ்ரேல் உருவானபோது ஊரைவிட்டு வெளியேற்றப்பட்டவர்களும் அஞ்சி ஓடியவர்களுமாக ஏழு லட்சத்துக்கும் மேற்பட்ட பாலஸ்தீனர்கள் அகதிகளானார்கள். அவர்களில் ஒரு லட்சம் பேர் அளவில் வடக்கே லெபனானுக்குள் வந்தார்கள். வடக்குப் பாலஸ்தீனத்தின் அம்கா, மஜ்த் அல்-குரூம், யாஜூர் ஆகிய ஊர்க்காரர்களுக்காக 1949-ல் சர்வதேசச் செஞ்சிலுவைச் சங்கம் அமைத்த இடமே ஷத்தீலா. என் நண்பரின் குடும்பம் அம்காவைச் சேர்ந்தது. அந்த ஊர் 1948 ஜூலையில் காலியாக்கப்பட்டது. மறு ஆண்டே அதே பெயரில் ஏமனிலிருந்து வந்த யூதர்களுக்கான குடியிருப்பு அங்கே எழுந்தது. மஜ்த் அல்-குரூமோ இன்றும் இஸ்ரேலுக்குள் ஓர் அரபு ஊராகவே இருக்கிறது. ஒரே ஊரில் ஒரு வீட்டார் அங்கேயே தங்கி இஸ்ரேல் குடிமக்கள் ஆனதும், அடுத்த வீட்டார் எல்லை தாண்டி நான்கு தலைமுறையாக முகாமில் கிடப்பதும் அந்தச் சில மாதங்களில் தீர்மானமானவை.

ஊர் திரும்ப விரும்பும் அகதிகளை இயன்ற விரைவில் அனுமதிக்க வேண்டும் என்று ஐ.நா. பொதுச்சபை 1948 டிசம்பர் 11 அன்று 194-வது தீர்மானத்தில் சொன்னது. ஓராண்டு கழித்து, 1949 டிசம்பர் 8 அன்று, இவர்களுக்கென்றே ‘அன்ர்வா’ என்ற நிவாரணப் பணி முகமையை உருவாக்கியது. அது 1950 மே மாதம் வேலையைத் தொடங்கியது. அது இயங்குவதற்கான ஆணையும் மொத்தமாகத் தரப்படவில்லை. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை பொதுச்சபை அதை நீட்டித்துக்கொண்டே வருகிறது. முக்கால் நூற்றாண்டாக நீட்டிப்பில் ஓடும் அலுவலகம் அது.

கூரையின் கதைக்கு வருகிறேன், ஏனெனில் என் தொழிலுக்கு அதுதான் பக்கம். கூடாரங்களைச் சுற்றி மக்கள் முதலில் சுவர் எழுப்பிக்கொண்டார்கள். ஆனால் கூரைக்குத் தகரம் மட்டுமே போடலாம். கான்கிரீட் போடக் கூடாது. முகாம்களைக் கண்காணித்த லெபனான் ராணுவ உளவுத்துறை 1960-களில் அதில் கறாராக இருந்தது. கான்கிரீட் கூரை போட்டால் நிரந்தரமாகத் தங்கிவிட்டார்கள் என்று ஆகிவிடுமாம். மழைக்காலத்தில் தகரத்தின் மேல் கல் அடுக்கி வைத்துக்கொண்டு தூங்கியதை நண்பரின் தாயார் கடைசிவரை சொல்வாராம். 1969 நவம்பரில், எகிப்து அதிபர் நாசர் முன்னின்று, யாசர் அரஃபாத்தும் லெபனான் ராணுவத் தளபதி எமில் புஸ்தானியும் கெய்ரோ உடன்பாட்டில் கையெழுத்திட்டார்கள். முகாம்களின் நிர்வாகம் பாலஸ்தீன இயக்கங்களின் கைக்கு வந்தது. ஷத்தீலாவில் கான்கிரீட் கூரைகள் எழுந்தது அதன் பிறகுதான்.

அதே உடன்பாடு முகாம்களுக்குள் ஆயுதத்தையும் கொண்டுவந்தது. தெற்கு லெபனான் போர்க்களமானதற்கும், லெபனான் மக்களில் பலர் பாலஸ்தீனர்கள்மீது இன்றுவரை கசப்போடு இருப்பதற்கும் அந்த ஆண்டுகளே காரணம். தாங்கள் வெளியிட்ட கட்டுரை இதைத் தொடவே இல்லை. இரக்கத்தோடு எழுதும்போது இதை விட்டுவிடுவது எளிது; விட்டுவிட்டால், பின்னால் வந்தவை ஏன் வந்தன என்பது வாசகருக்குப் புரியாமல் போய்விடும்.

1982 செப்டம்பர் படுகொலையைக் கட்டுரை ஒரே வரியில் ‘சப்ரா, ஷத்தீலா ஆகிய இரு முகாம்களில்’ என்று சொல்கிறது. சப்ரா முகாம் அல்ல. முகாமை ஒட்டிய நகரப் பகுதி. இஸ்ரேல் பெய்ரூட்டை முற்றுகையிட்ட பிறகு, பின்தங்கும் குடும்பங்களுக்குப் பாதுகாப்பு உண்டு என்ற அமெரிக்கத் தூதர் பிலிப் ஹபீபின் உறுதியை நம்பிப் பாலஸ்தீனப் போராளிகள் ஆகஸ்ட் இறுதியில் தொடங்கி செப்டம்பர் முதல் நாளுக்குள் பெய்ரூட்டைவிட்டுக் கப்பலேறினார்கள். செப்டம்பர் 14 அன்று, அதிபராகத் தேர்வாகியிருந்த பஷீர் ஜெமாயேல் குண்டுவெடிப்பில் கொல்லப்பட்டார். மறுநாள் இஸ்ரேல் ராணுவம் மேற்கு பெய்ரூட்டுக்குள் நுழைந்து முகாமைச் சூழ்ந்துகொண்டது. 16-ம் தேதி மாலை முதல் 18-ம் தேதி காலை வரை, இஸ்ரேல் ராணுவம் உள்ளே அனுப்பிய, ஜெமாயேலின் ஆதரவாளர்களான லெபனான் கிறிஸ்தவ ஃபலாஞ்சிஸ்ட் படையினர் வீடு வீடாகப் புகுந்து கொன்றார்கள். இரவில் வானில் வெளிச்சக் குண்டுகளை எரியவிட்டது இஸ்ரேல் ராணுவம். இறந்தவர்கள் எழுநூறிலிருந்து எண்ணூறு வரை என்று இஸ்ரேல் தரப்பும், 3,500 வரை என்று பிற மதிப்பீடுகளும் சொல்கின்றன. அவர்களில் பாலஸ்தீனர்களோடு அங்கே குடியிருந்த ஏழை லெபனான் ஷியாக்களும் உண்டு. இஸ்ரேல் அமைத்த கஹான் ஆணையம் 1983 பிப்ரவரியில் பாதுகாப்பு அமைச்சர் ஏரியல் ஷரோனுக்குத் தனிப்பட்ட பொறுப்பு உண்டு என்று கூறியது. அவர் அந்தப் பதவியிலிருந்து விலகினார். பினாங்கில் பிறந்து சிங்கப்பூரில் வளர்ந்த எலும்பியல் மருத்துவர் ஆங் சுவீ சாய், சப்ராவின் காஸா மருத்துவமனையில் அப்போது பணியில் இருந்தவர். அவர் அந்த ஆணையத்தின் முன் சாட்சி சொன்னார். கொன்றவர்களில் எவரும் லெபனானில் தண்டிக்கப்படவில்லை.

வெளியுலகம் ஷத்தீலாவை இந்த மூன்று நாட்களோடு நிறுத்திக்கொள்கிறது. என் நண்பர் அதைவிட அதிகம் பேசியது 1985 முதல் 1988 வரை நடந்த ‘முகாம்களின் போர்’ பற்றி. ஷியா இயக்கமான அமல், சிரியாவின் ஆதரவோடு முகாமை முற்றுகையிட்டது. 1986 இறுதியில் தொடங்கிய மூன்றாவது முற்றுகை 1987 ஏப்ரல் வரை நீடித்தது. கனடாவிலிருந்து வந்த கிரேக்க வம்சாவளி அறுவை மருத்துவர் கிறிஸ் ஜியானு உள்ளேயே தங்கி வைத்தியம் பார்த்தார். இறந்தவர்களை எடுத்துப்போக வழியில்லை. இடுகாடு முகாமுக்கு வெளியே இருந்தது. ஆகவே பள்ளிவாசலின் தளத்தைத் தோண்டி உள்ளேயே அடக்கம் செய்தார்கள். அவர்கள் இன்றும் அங்கேதான் இருக்கிறார்கள். அந்தப் போர் ஓய்ந்தபோது ஷத்தீலாவில் முழுதாக நின்ற கட்டடங்கள் மிகக் குறைவு. ஆக, இன்று நாம் பார்க்கும் ஷத்தீலா, பெரும்பாலும் 1988-க்குப் பிறகு எழுந்தது.

எப்படி எழுந்தது என்பதில்தான் முகாமின் இன்றைய வாழ்க்கை இருக்கிறது. நிலம் முகாம்வாசிகளுடையதல்ல; அன்ர்வாவுடையதும் அல்ல. அகதிகள் தங்குவதற்கென்று அன்று அளந்துவிட்ட துண்டு அது. எல்லை அதன்பின் நகரவில்லை. பள்ளிக்கூடம், மருந்தகம், குப்பை அள்ளுதல் இவையே அன்ர்வாவின் வேலை; முகாமை ஆள்வது அதன் பொறுப்பன்று. மக்கள் அதை ‘வகாலா’ என்று ஏதோ தாலுகா அலுவலகம்போலத் திட்டிக்கொண்டே நம்பியிருக்கிறார்கள். உள்ளூர் வழக்குகளையும் தண்ணீர் மின்சாரத்தையும் இயக்கங்களின் ஆட்கள் அமர்ந்த மக்கள் குழு பார்த்துக்கொள்கிறது. லெபனான் போலீஸ் வழக்கமாக உள்ளே வராது. பக்கவாட்டில் ஓரடிகூட விரிய முடியாத இடத்தில் குடும்பம் பெருகினால் மேலேதான் போக வேண்டும். ஒரு மாடிக்கென்று போட்ட அடித்தளத்தின் மேல் ஐந்து, ஆறு என்று ஏற்றுகிறார்கள். மேல்தளங்கள் தெருவின் பக்கம் ஆளுக்கு ஒரு முழம் நீட்டிக்கொள்ள, எதிரெதிர் பால்கனிகள் கைகுலுக்கும் தூரத்துக்கு வந்துவிடுகின்றன. கீழ்த்தளத்தில் பகல் பன்னிரண்டு மணிக்கும் விளக்குப் போட வேண்டும்.

இதில் உப்புத் தண்ணீர் வேறு. கடலோரமாக இருப்பதால் நிலத்தடி நீர் உப்பேறிவிட்டது. குழாயில் வருவது அதுதான். குளிக்கவும் துவைக்கவும் அதுவே. குடிக்கும் தண்ணீரை விலைக்கு வாங்கிக் கேனில் சுமந்து ஐந்தாம் மாடிவரை ஏற்ற வேண்டும். அதை அவர்கள் ‘இனிப்புத் தண்ணீர்’ என்கிறார்கள். நாம் நல்ல தண்ணீர் என்பதைப் போல. கடற்கரை ஊர்க்காரர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை: உப்புத் தண்ணீரில் குழைத்த கான்கிரீட்டில் கம்பி சீக்கிரம் துரு ஏறும், துரு ஏறிய கம்பி பருத்துக் கான்கிரீட்டை உடைத்துக்கொண்டு வெளியே வரும். ஒரு பொறியாளர் தன் தாயாரின் வீட்டுக் கூரையில் அப்படி உரிந்து தொங்கும் சிமெண்டைக் கைப்பேசிப் படத்தில் பெரிதாக்கிக் காட்டி, ‘இதற்கு என்ன செய்யலாம் என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும், செய்ய முடியாது’ என்று சொன்னதை நான் மறக்கவில்லை.

தலைக்கு மேலே மின்கம்பிகள் கொடிபோலப் பின்னிக் கிடக்கின்றன. அரசு மின்சாரம், ஜெனரேட்டர்காரரிடம் மாதச் சந்தா கட்டி வாங்கும் மின்சாரம், பக்கத்து வீட்டிலிருந்து இழுத்தது எல்லாம் ஒரே கற்றை. அதற்குள்ளேயே தண்ணீர்க் குழாய்களும் போகின்றன. மழை நாளில் இதைத் தொட்டு உயிர்விட்டவர்கள் உண்டு. ஒருமுறை காணொலி அழைப்பில் நண்பரின் தம்பி சந்து வழியே எங்களைக் கூட்டிக்கொண்டு போனார். இடையில் மின்சாரம் போயிற்று. அவர் கைப்பேசி விளக்கைத் தூக்கிப் பிடித்தார்; சொட்டும் குழாயும் அதற்கு ஒரு சாண் தள்ளி டேப் சுற்றிய கம்பி முடிச்சும் தெரிந்தன. எதிரே தலையில் ரொட்டித் தட்டோடு வந்த பையன் தலையைச் சாய்த்து, கம்பியில் படாமல், நின்று பார்க்காமலேயே கடந்துபோனான். அந்தச் சாய்வு நன்கு பழகிய சாய்வு. நண்பரின் தாயாருக்கு மூச்சுத்திணறல் வந்தபோது ஸ்டிரெச்சர் படியில் திரும்பவில்லை என்பதால் நாற்காலியில் உட்காரவைத்து ஐந்து மாடி இறக்கியிருக்கிறார்கள்.

இத்தனை படித்தவர்கள் வெளியே வீடு வாங்கிப் போகலாமே என்று நானும் ஒருமுறை கேட்டேன். 2001-ல் லெபனான் நாடாளுமன்றம் நிறைவேற்றிய 296-வது சட்டம், அங்கீகரிக்கப்பட்ட ஒரு நாட்டின் குடியுரிமை இல்லாதவர் லெபனானில் அசையாச் சொத்து வாங்குவதைத் தடுக்கிறது. சட்டத்தில் பாலஸ்தீனர் என்ற சொல் இல்லை. இருக்க வேண்டிய தேவையும் இல்லை. அதற்கு முன்பே வாங்கியிருந்தவர்கள்கூடப் பிள்ளைகள் பெயருக்கு மாற்ற முடியவில்லை. வேலை விஷயத்திலும் இதே கதைதான். மருத்துவம், சட்டம், பொறியியல் போன்ற தொழில்களுக்கு அந்தந்தத் தொழிற்சங்கத்தில் உறுப்பினராக வேண்டும். வெளிநாட்டவர் உறுப்பினராக வேண்டுமானால், அவருடைய நாடு லெபனான்காரர்களுக்கும் அதே உரிமையைத் தர வேண்டும். நாடே இல்லாதவர் பதில் உரிமைக்கு எங்கே போவார்? 2005-ல் தொழிலாளர் அமைச்சர் ஓர் ஆணையில் ஐம்பது அளவிலான உடலுழைப்பு, எழுத்தர் வேலைகளைத் திறந்துவிட்டார். 2010-ல் வேலை அனுமதிக் கட்டணம் நீக்கப்பட்டது. சமூகக் காப்பீட்டிலும் பணி ஓய்வுத்தொகை கிடைக்க வழி வந்தது; ஆனால் சந்தா முழுதும் கட்டினாலும் நோய், பேறுகால உதவி கிடையாது. நண்பர் ஷார்ஜாவில் என் பக்கத்து மேசைக்கு வந்தது இப்படித்தான்.

லெபனானுக்கும் ஒரு நியாயம் உண்டு. நாடாளுமன்ற இடம் முதல் உயர்பதவி வரை மதப்பிரிவுவாரியாகப் பங்கிட்டு வைத்திருக்கும் சிறிய நாடு அது. பெரும்பாலும் சுன்னிகளான பாலஸ்தீனர்களுக்குக் குடியுரிமை கொடுத்தால் அந்தப் பங்கீடு குலையும் என்று மற்றவர்கள் அஞ்சுகிறார்கள். உள்நாட்டுப் போருக்குப் பின் திருத்தப்பட்ட அரசியல் சாசனத்தின் முகவுரையே அந்நியரை நிரந்தரமாகக் குடியமர்த்துவதில்லை என்கிறது. ‘ஏன் இவர்கள் லெபனான் குடியுரிமை கேட்பதில்லை’ என்று தங்கள் கட்டுரையாளர் வியந்திருந்தார். முகாமில் பெரும்பாலோர் கேட்பது அதுவன்று; குடியுரிமை வாங்கிக்கொண்டால் ஊர் திரும்பும் உரிமையை விட்டுக்கொடுத்ததாகிவிடும் என்பது அவர்கள் அச்சம். அவர்கள் கேட்பது படித்த வேலையைச் செய்யவும் ஒரு வீட்டைத் தன் பெயரில் பதியவும்தான். குடியுரிமை மறுப்பையும் அன்றாட உரிமை மறுப்பையும் ஒன்றாகச் சேர்த்துக் கட்டிவிட்டது லெபனான் அரசியல் செய்த தந்திரம் என்றே நான் நினைக்கிறேன். குழாயில் நல்ல தண்ணீர் வந்தால் அம்காவை எவரும் மறந்துவிடப் போவதில்லை.

எண்ணிக்கை பற்றியும் ஒரு வார்த்தை. 2017-ல் லெபனான், பாலஸ்தீனப் புள்ளியியல் துறைகள் சேர்ந்து எடுத்த கணக்கில், நாட்டின் 12 முகாம்களிலும் 156 குடியிருப்புத் தொகுதிகளிலும் சேர்த்து 1,74,422 பாலஸ்தீனர்களே இருந்தார்கள். அன்ர்வா பதிவேட்டில் உள்ளதோ நாலரை லட்சத்துக்கும் மேல். மிச்சம் பேர் என் நண்பரைப் போல வெளியேறியவர்கள். இன்னொன்றும் அந்தக் கணக்கில் தெரிந்தது: ஷத்தீலாவில் பாலஸ்தீனர்களைவிடச் சிரியாக்காரர்கள் அதிகம். 2011-க்குப் பிறகு சிரியப் போரிலிருந்து ஓடிவந்த ஏழைகளுக்கு நகரத்திலேயே மலிவான வாடகை இங்கேதான். அவர்களில், சிரியாவின் முகாம்களிலிருந்து இரண்டாம் முறை அகதியாகி வந்த பாலஸ்தீனர்களும் உண்டு. நெருக்கடி கூடியது, மேலே இன்னொரு மாடியும் கூடியது.

2019 அக்டோபருக்குப் பிறகு லெபனான் நாணயம் சரிந்தது. ஒரு டாலருக்கு 1,500 லிரா என்று இருந்தது 90,000 அருகே போய் நின்றது. 2022 செப்டம்பரில் வடக்கு லெபனானிலிருந்து புறப்பட்ட படகு சிரியாவின் தர்தூஸ் அருகே கவிழ்ந்து 90-க்கும் மேற்பட்டோர் மூழ்கியதில் நஹ்ர் அல்-பாரித் முகாமைச் சேர்ந்த பாலஸ்தீனர்களும் இருந்தார்கள். அன்ர்வாவின் நிதியும் ஆட்டம் கண்டது. அமெரிக்கா 2018-ல் நிதியை நிறுத்தியது, 2021-ல் மீண்டும் தந்தது, 2024 ஜனவரியில் மறுபடி நிறுத்தியது. இந்தியா ஆண்டுக்கு 50 லட்சம் டாலர் தருகிறது என்பதை நம் வாசகர்கள் பலர் அறிந்திருக்க மாட்டார்கள். பள்ளிக்கூடம்தான் இதில் முதலில் அடிபடும். அன்ர்வா மேல்நிலைப் பள்ளி நடத்துவது லெபனானில் மட்டுமே. தொழில் கதவு மூடியிருக்கும் நாட்டில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்து என்ன பயன் என்று பையன்கள் கேட்கிறார்களாம். ஆசிரியர்களிடம் பதில் இல்லையாம்.

ஆகவே, ‘தற்காலிகம்’ என்று எழுதும்போது, அது அந்த மக்களின் நிலையைச் சொல்லும் சொல் என்று வாசகர் எடுத்துக்கொள்கிறார். உண்மையில் தகரக் கூரை முதல் 296-வது சட்டம் வரை, ஒவ்வொரு பத்தாண்டிலும் யாரோ ஒருவர் கையெழுத்திட்டுக் காப்பாற்றி வந்த ஏற்பாடு அது. தாங்கள் திருத்தம் வெளியிடுவதானால், கூடாரப் படத்தோடு இந்தச் சொல்லையும் திரும்பப் பெற வேண்டுகிறேன். கட்டுரை தொடராக வருவதாக அறிவித்திருப்பதால், அடுத்த பகுதியில் சொத்துரிமைச் சட்டத்தைப் பற்றி இரண்டு பத்தியாவது வந்தால் நல்லது.

நண்பர் இப்போது கனடாவில் இருக்கிறார். ஷத்தீலா வீட்டில் அவருடைய தம்பி குடும்பம் இருக்கிறது. சென்ற மாதம் தம்பி மொட்டை மாடியிலிருந்து அனுப்பிய படத்தில் தண்ணீர்த் தொட்டிகளுக்கு இடையே நான்கு மூலையிலும் தூண் கம்பிகள் இரண்டடி உயரத்துக்கு நின்றன. நம் ஊரில் பின்னால் மாடி எடுக்க விட்டுவைப்போமே, அதேபோல. துருப்பிடிக்காமல் இருக்கப் பிளாஸ்டிக் பையைச் சுற்றி நூலால் கட்டியிருந்தார்கள். தம்பி மகனுக்கு வரும் கோடையில் கல்யாணமாம்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
ஓய்வுபெற்ற கட்டட வரைவாளர்,
மயிலாடுதுறை.